பழைய மின்சாரப் பனிதுடைப்பு டிராமை மீண்டும் ஓடவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள டிராம் அருங்காட்சியகங்களின் கொட்டகையில், பளபளக்கும் பயணிகள் வண்டிகளுக்குப் பின்னால், ஜன்னல் குறைவான மரப்பெட்டி மாதிரி ஒரு வண்டி நிற்கும். அதன் இரு முனைகளிலும் சக்கரங்களுக்கு வெளியே ஆளுயரத்தை விட நீளமான பிரம்பு உருளைகள் சாய்வாகத் தொங்கும். நகரத் தண்டவாளத்தில் பனியைப் பெருக்கித் தள்ளிய வண்டி அது. இவற்றைச் சீரமைக்கும் தன்னார்வப் பட்டறைகளில் கைகொடுக்க வருபவர்களும் பார்க்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துடைப்பம் சுழலாத வண்டியைச் சீரமைத்த வண்டி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

இது டிராமா, ரயில் என்ஜினா?

டிராம் கம்பெனியின் வேலை வண்டி. மேலே ஓடும் கம்பியிலிருந்து 600 வோல்ட் டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரத்தை எடுத்துத் தானே ஓடும். ஆட்களை ஏற்றாது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராம்களும் இதே குடும்பம்தான். பனி விழாத ஊரானதால் அங்கே இந்த உறுப்பினருக்கு வேலை இல்லை.

பெரும்பாலானவை நான்கே சக்கரம் கொண்ட குட்டை வண்டிகள். சிகாகோ வட்டாரத்தின் மெக்குவயர்-கம்மிங்ஸ், பிலடெல்பியாவின் ஜே.ஜி. பிரில், பென்சில்வேனியாவில் ரிட்ஜ்வே என்ற சிற்றூரின் ரஸ்ஸல் ஆகியவை இவற்றைக் கட்டிய பெயர்பெற்ற கம்பெனிகள்.

கலப்பை வைத்துத் தள்ளினால் போதாதா? எதற்குத் துடைப்பம்?

கலப்பை மேல்பனியைத்தான் தள்ளும். தெருவில் பதித்த டிராம் தண்டவாளம் சாலை மட்டத்தோடு மட்டமாக இருக்கும். சக்கரத்தின் விளிம்பு இறங்கி ஓட ஒரு குறுகிய பள்ளம் அதில் உண்டு. கலப்பைத் தகடு அந்தப் பள்ளத்துக்குள் போக முடியாது. மிஞ்சும் பனி வண்டிகளின் எடையில் அமுங்கி, பள்ளத்துக்குள்ளேயே பனிக்கட்டியாக இறுகிவிடும். அடுத்து வரும் சக்கரம் அதன்மேல் ஏறும், வண்டி தடம்புரளும்.

இன்னொரு சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. மேல்கம்பி வழியே வரும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றிவிட்டுச் சக்கரம், தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பனிப்படலம் வந்தாலே அந்தச் சுற்று அறுந்துவிடும். கம்பியில் மின்சாரம் இருக்கும், வண்டி நகராது. பிரம்பின் நுனி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிச் சுரண்டி எடுக்கும். இரும்புத் தகடு செய்ய முடியாததை அதன் வளைவு செய்துவிடுகிறது.

1888 மார்ச்சில் நியூயார்க்கை முடக்கிய பெரும்பனிப்புயலில் குதிரை டிராம்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் அமைப்பை ஓட்டிக்காட்டியிருந்தார். குதிரை இழுத்த பனித்துடைப்பங்கள் முன்பே இருந்தன. மோட்டார் வந்ததும் அவற்றின் பலம் வேறு நிலைக்குப் போனது.

துடைப்பம் எந்தப் பக்கம் சுற்றும்?

தரையைத் தொடும் பகுதி, வண்டி போகும் திசையில் முன்னோக்கி வீசும்படி சுற்றும். உருளை தண்டவாளத்துக்குக் கிட்டத்தட்ட 45 பாகை சாய்ந்திருப்பதால் பனி முன்னாலும் பக்கவாட்டிலும் பறந்து சாலையோரம் போய் விழும். முன்முனை உருளை வேலை செய்யும்போது பின்முனை உருளையைத் தூக்கி வைத்திருப்பார்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பத் தேவையில்லை. மறுமுனையிலிருந்து ஓட்டிக்கொண்டு திரும்பலாம். பல வண்டிகளில் பக்கவாட்டில் விரியும் இறக்கைத் தகடும் உண்டு. துடைப்பம் ஒதுக்கிய பனியை அது இன்னும் தள்ளிவிடும்.

பயணிகள் வண்டிகள் உடைபட்டுப் போக, இவை மட்டும் எப்படித் தப்பின?

ஆண்டில் சில நாட்கள்தான் வேலை என்பதால் தேய்மானம் குறைவு. ஒரு தடமாவது மிஞ்சியிருந்த வரை பனிக்காலமும் மிஞ்சியிருந்தது, ஆகவே கம்பெனிகள் இவற்றைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பேருந்துகள் வந்து டிராம்கள் மறைந்த காலத்தில் ஆர்வலர்கள் காப்பாற்றத் தொடங்கியதும் உதவியது. மெய்ன் மாநிலத்தின் சீஷோர் டிராலி மியூசியம் 1939-ல் ஒரு திறந்த டிராம் வண்டியை வாங்கியதில் தொடங்கியது. கனெக்டிகட்டின் ஷோர் லைன் 1945-ல் உருவானது, இலினாய் ரயில்வே மியூசியம் 1953-ல்.

ஆனால் தப்பியது வேறு, நன்றாக இருப்பது வேறு. ஈரத்திலும் உப்பிலும் வேலை செய்து, கோடை முழுக்க வெட்டவெளியில் நின்ற வண்டிகள் இவை. அடிச்சட்டம் அதை மறைக்காது.

ஒரு வண்டியைச் சீரமைக்கலாமா என்று எப்படி முடிவு செய்வது?

மேற்பூச்சைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள். வண்டியின் நீளவாக்கில் ஓடும் இரு பக்க உத்தரங்களும், துடைப்பத்தின் எடையைத் தாங்கும் முனைச் சட்டங்களும் எப்படி இருக்கின்றன? கூரான கம்பியால் குத்திப் பார்த்தால் மரம் உள்ளே மாவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூரை ஒழுகிய இடத்துக்கு நேர் கீழேதான் மூலைத்தூண்கள் அழுகியிருக்கும்.

அடுத்தது முழுமை. மோட்டார், கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி), துடைப்ப அச்சு, செயின் பல்சக்கரங்கள், தூக்கி இறக்கும் கைச்சக்கரம் எல்லாம் இருக்கின்றனவா? அழுகிய மரத்தைப் புதிதாக அறுத்துக்கொள்ளலாம். காணாமல் போன துடைப்ப இயந்திரத்தை வரைபடம் இல்லாமல் கற்பனையில் செய்யக்கூடாது. உடல் மோசமாகவும் இயந்திரம் முழுதாகவும் உள்ள வண்டியா, உடல் அழகாகவும் இயந்திரம் கழற்றப்பட்டும் உள்ள வண்டியா என்று கேட்டால் நான் தயங்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன்.

தண்டவாள அகலம் ஒத்துப்போகுமா?

வாங்கும் முன்பே கேட்க வேண்டியது. வழக்கமான அகலம் 1435 மி.மீ. டொரண்டோ டிராமுக்கு 1495 மி.மீ., பால்டிமோருக்கு 1638 மி.மீ. வாஷிங்டன் என்ற பென்சில்வேனிய ஊரில் உள்ள டிராலி மியூசியத்தின் தடம் 1588 மி.மீ. ஒன்டாரியோவின் ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே டொரண்டோ அகலத்தையே வைத்திருப்பதால் டொரண்டோ வண்டிகள் அங்கே இயல்பாக ஓடுகின்றன. அகலம் மாறினால் அச்சுகளில் சக்கரத்தை நகர்த்த வேண்டும் அல்லது அச்சே மாற வேண்டும். மோட்டார் அச்சின்மேல் தொங்கும் வண்டியில் அது சின்ன வேலை இல்லை.

முதல் நாள் என்ன செய்வது?

எதையும் கழற்றாமல் படம் எடுங்கள், அளவெடுங்கள். ஒவ்வொரு போல்ட், கம்பி, பெயர்த்தகடு, பூச்சு அடுக்கு எல்லாம் பதிவாக வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து ஒரு இரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும். அதை அவிழ்த்தவர் அன்றைக்குப் பட்டறைக்கு வந்திருக்க மாட்டார்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள். கன்ட்ரோலருக்குள் தீப்பொறியைத் தடுக்கும் தகடுகளிலும், சூடாகும் இடத்து ஒயர்களின் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் ஊதிச் சுத்தம் செய்வது நுரையீரலோடு விளையாடுவது. இதில் அவசரப்படும் யாரையும் பட்டறைக்குள் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மர உடலை எவ்வளவு மாற்றலாம்?

கெட்டதை மட்டும். ஓக் சட்டத்தில் ஒரு முனை அழுகியிருந்தால் நல்ல பகுதி வரை வெட்டி, அதே மரத்தில் புதுத்துண்டை ஒட்டுப்போட்டு இணைக்கலாம். துடைப்பத்தைத் தாங்கும் சட்டங்களில் மட்டும் ஒட்டு வேண்டாம், முழு நீளத்துக்கும் புது மரம் போடுங்கள். அங்கே அதிர்வு ஓயாது. கூரைக்குப் பலகைமேல் கான்வாஸ் விரித்து இழுத்து ஆணியடித்துப் பல கோட்டுப் பூச்சு பூசுவதுதான் பழைய வழி. சரியாகச் செய்தால் இன்றும் நன்றாகத் தாங்குகிறது.

மோட்டார் பல பத்தாண்டுகளாக நின்றுவிட்டது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. ஈரம் ஏறிய வைண்டிங்கில் (மோட்டாரின் கம்பிச் சுற்றில்) 600 வோல்ட்டைப் பாய்ச்சினால், காப்பாற்றியிருக்கக்கூடிய ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதி, ஒரே நொடியில் எரிந்துபோகும்.

முதலில் மோட்டாரைத் திறந்து தூசியையும் கார்பன் பொடியையும் உறிஞ்சி எடுங்கள். பிறகு மெக்கர் என்ற மின்தடை அளக்கும் கருவியால் இன்சுலேஷனைச் சோதியுங்கள். இந்த வோல்ட்டேஜுக்கு 1.6 மெகா ஓமாவது காட்ட வேண்டும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. முதல் அளவு குறைவாக வந்தால் மனம் உடையத் தேவையில்லை. மிதமான சூட்டில் பொறுமையாக உலர்த்தி மறுபடி அளந்தால் பல மோட்டார்கள் மேலே வரும். வராவிட்டால்தான் மறு வைண்டிங்.

கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசி ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் செப்பு வளையத்தில்) செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா, செம்பை விடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். செம்பு தேய்ந்து மைக்கா மேலே தெரிந்தால் கார்பன் பிரஷ் குதித்துத் தீப்பொறி பறக்கும். லேத்தில் லேசாகச் சீவி, மைக்காவை வெட்டி இறக்கி, ஓரங்களின் பிசிறை எடுக்க வேண்டும். பிரஷ் ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தையும் பாருங்கள்.

பேரிங்குகள் பெரும்பாலும் பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை வார்த்தவை. தேய்ந்திருந்தால் பழையதை உருக்கியெடுத்து, பேரிங்கின் வெளிக்கூட்டைச் சூடாக்கி, புதிதாக வார்த்துக் கடைய வேண்டும். உலோகம் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கப் பைன் குச்சியை முக்கி எடுப்பார்கள்: கருக வேண்டும், தீப்பற்றக்கூடாது. இன்று வெப்பமானி இருக்கிறது, அதையே நம்புங்கள். அந்தப் பழைய கைப்பழக்கமும் தெரிந்திருக்கட்டும். பேரிங்கில் எண்ணெய் ஊட்டும் கம்பளி நூல் திணிப்பையும் முழுக்கப் புதிதாக்குங்கள். அதை மறந்து ஓட்டினால் பாபிட் உருகி, ஆர்மேச்சர் இறங்கிக் காந்தத் துருவத்தில் உரசும்.

ஒயரிங்?

எல்லாவற்றையும் மாற்றுங்கள். பருத்தி உறை போட்ட பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும். புது ஒயரைப் பழைய வழித்தடத்திலேயே, பழைய மரக்குழல்களுக்குள்ளேயே ஓட்டலாம்.

துடைப்ப உருளையை எப்படிச் செய்வது?

எல்லாரும் தள்ளிப்போடும் வேலை இது. சக்கரத்தைச் சுற்றும் ஓட்ட மோட்டாருக்கு ஆளும் புத்தகமும் கிடைக்கும், துடைப்பத்துக்கு இரண்டும் அரிது. அதனால்தான் பல வண்டிகள் அழகாகப் பூசப்பட்டு, மொட்டை அச்சோடு நிற்கின்றன.

நம் வீட்டு வாசல் விளக்குமாற்றில் ஈர்க்கு தேயத்தேய நுனியில் வேலை நடப்பது போலத்தான் இதுவும்: தேய்வதற்காகவே செய்த பொருள். கடும் பனிக்காலத்தில் கம்பெனிகள் உருளைகளைத் திரும்பத் திரும்ப மாற்றின. மாற்று உருளைகள் பட்டறையில் தயாராக இருக்கும். ஆகவே இன்று உங்கள் வண்டியில் இருக்கும் பிரம்பு, வண்டி கட்டிய ஆண்டின் பிரம்பாக இருக்க வாய்ப்பே இல்லை. புதிதாகப் போடுவதில் எந்தக் குற்றவுணர்வும் வேண்டாம்.

பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளின் கொடி. இந்தோனேசியா, மலேசியா பக்கமிருந்து கப்பலில் போனதுதான் பாஸ்டன், சிகாகோ தெருக்களில் பனி பெருக்கியது. நாற்காலி பின்னும் பிரம்புப் பட்டை இதற்கு உதவாது; தோலோடு கூடிய முழுப்பிரம்பு வேண்டும். காய்ந்த பிரம்பு முறியும். தண்ணீரில் ஊறவைத்துத்தான் வளைக்கவோ செருகவோ வேண்டும்.

மையத்தின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளையிட்ட மரத்துண்டுகளில் பிரம்புக் கட்டுகளைச் செருகி இறுக்கி, அந்தத் துண்டுகளை இரும்பு அச்சைச் சுற்றிப் போல்ட் போட்டு முடுக்குவது ஒரு வழி. உங்கள் வண்டியின் பழைய மையம் எவ்வளவு மட்கியிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். துளையின் விட்டம், கோணம், வரிசை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு துண்டு கிடைத்தால்கூட மீதியை அதை வைத்துச் செய்துவிடலாம்.

முழுதும் செருகிய பின் நுனிகளை ஒரே விட்டத்துக்கு வெட்டுங்கள். பிறகு உருளையைத் தாங்கிகளில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றி விடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் எடை சமமில்லை. அதைச் சரிசெய்யாமல் மோட்டாரை இணைத்தால் முனைச் சட்டமே ஆட்டம்கண்டுவிடும்.

பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் இழையோ எஃகுக் கம்பியோ போடலாமா?

விமான ஓடுதளங்களைப் பெருக்கும் வண்டிகளில் அவைதான் இருக்கின்றன; வாங்குவதும் எளிது. ஓட்டிக் காட்டுவது மட்டும் நோக்கமென்றால் பாலிபுரொப்பிலீன் இழை ஏற்கத்தக்கதே. எஃகுக்கு நான் எதிரி. முறிந்த கம்பித் துண்டுகள் தண்டவாளப் பள்ளத்திலும் மோட்டாரின் காற்றுத் துளையிலும் போய் உட்காரும். அருங்காட்சியக வண்டிக்கு என்னைக் கேட்டால் பிரம்புதான். நிறம், சத்தம், பனி பறக்கும் விதம் எல்லாம் அதில்தான் சரியாக வரும்.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரம் 1925 முதலே மூங்கிலைப் பயன்படுத்துகிறது. அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் பிளந்த மூங்கில் கட்டுகளை நூற்றுக்கணக்கில் உருளையில் பொருத்தியிருக்கிறார்கள். விடிகாலையில் முதல் டிராமுக்கு முன் அந்த வண்டிகள் இன்றும் தடத்தைப் பெருக்குகின்றன. அந்தந்த ஊருக்குக் கிடைத்த நார் எதுவோ அதுவே துடைப்பம்.

துடைப்பத்துக்குத் தனி மோட்டார் எதற்கு? சக்கரத்திலிருந்தே ஓட்டலாமே?

ஆழமான பனியில் வண்டி வேகம் குறையும். துடைப்பம் சக்கரத்தோடு கட்டப்பட்டிருந்தால், அதிக வேகம் தேவைப்படும் அந்த நேரத்திலேயே அதுவும் தளர்ந்துவிடும். தனி மோட்டார் இருந்தால் வண்டி ஊர்ந்தாலும் துடைப்பம் முழுவேகத்தில் சுழலும். பெரும்பாலும் அந்த மோட்டார் வண்டிக்குள் தரைமேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து செயின் வழியாக வெளியே இருக்கும் உருளைக்குச் சக்தி போகும். அதற்கென்று இன்னொரு கன்ட்ரோலர், அதை இயக்க இன்னொரு ஆள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. டிராம் மோட்டார்கள் பொதுவாக சீரிஸ் வகை (காந்தச் சுருளும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்தவை). பளு இல்லாமல் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் சிதறிவிடும். துடைப்ப மோட்டாரும் அந்த வகையென்றால், செயினைக் கழற்றிவிட்டு அதை 600 வோல்ட்டில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஓட்டத்தின் நடுவே செயின் அறுந்தாலும் இதே ஆபத்துதான். பழைய செயினை இணைப்பு இணைப்பாகப் பார்த்து, சந்தேகம் வந்தால் முழுவதும் புதிது போடுங்கள். சுற்றிலும் இரும்புக் காப்புத் தகடும் கட்டாயம் வேண்டும். அன்றைய தொழிலாளிகள் அது இல்லாமல் நின்றார்கள் என்பதற்காக இன்று நாமும் நிற்க வேண்டியதில்லை.

பிரேக்?

சில வண்டிகளில் கைப்பிரேக் மட்டும், சிலவற்றில் காற்றுப் பிரேக்கும் உண்டு. காற்றுத்தொட்டியை நீரழுத்தச் சோதனை செய்யாமல் நிரப்பக்கூடாது. துரு உள்ளிருந்து தின்றிருக்கும், வெளியே தெரியாது.

இல்லாத பாகங்களுக்கு எங்கே போவது?

மற்ற அருங்காட்சியகங்களிடம் கேளுங்கள். ஓட்ட மோட்டார், கன்ட்ரோலர், டிராலிக் கோல் (மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைக் கோல்) எல்லாம் பல ஊர்களுக்குப் பொதுவானவை. ஒருவர் உபரியாக வைத்திருப்பது இன்னொருவருக்குத் தேவைப்படும். வார்ப்பிரும்புப் பாகத்துக்கு மர மாதிரி செய்து வார்ப்படத்தில் கொடுக்கலாம். மாதிரி செய்யும்போது, குளிரும் இரும்பு சுருங்குவதற்கு இடம்விட்டுச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். பழைய பாகத்தை அப்படியே அச்செடுத்தால் அளவு குறைந்துவிடும்.

எவ்வளவு பணம், எவ்வளவு காலம்?

வார இறுதித் தன்னார்வலர்களை நம்பிய வேலை ஆண்டுக்கணக்கில் போகும். வண்டிக்கு வண்டி நிலைமை மாறுவதால் பொதுவான தொகை சொல்வது யாருக்கும் உதவாது. செலவின் வரிசையை மட்டும் சொல்கிறேன்: முதலில் கூரை, பிறகு அடிச்சட்டம், பிறகு மோட்டார், துடைப்பம், ஒயரிங். வண்ணம் கடைசி. நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்காக வண்ணத்தை முதலில் அடித்தால், மோட்டாரை ஏற்றி இறக்கும்போது அது எல்லாம் உரியும்.

ஓட்டினால் பழைய பொருள் தேய்கிறதே, அது சரியா?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சம் செம்பையும் கொஞ்சம் இரும்பையும் தின்கிறது. ஒரே ஒரு பிரதி மட்டும் மிஞ்சிய வகை என்றால் ஓட்டாமல் வைப்பதை நான் ஏற்பேன். மற்றவற்றை ஓட்ட வேண்டும். ஓடும் வண்டியின் அருகில்தான் ஒரு இளைஞர் பாபிட் வார்க்கவும் செயினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லவும் கற்கிறார். கழற்றிய ஒவ்வொரு மூலப்பாகத்தையும் சீட்டு கட்டி வைத்தால் பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பனி வண்டியைப் பயணிகள் வண்டியாக மாற்றலாமே, கூட்டம் வருமே?

சில வண்டிகளுக்கு அது நியாயம். ஜப்பானின் ஹகோடேட் நகரில் 39-ம் எண் வண்டி 1910-ல் பயணிகள் டிராமாகப் பிறந்தது. 1918-ல் அந்த ஊருக்கு வந்து, 1937-ல் பனிதுடைப்பு வண்டியானது. 1993-ல் மறுபடி பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பியது. பனிக்காகவே பிறந்த வண்டியில் இருக்கை போடுவது அப்படியல்ல. அதன் இயந்திரத்தைப் பிடுங்கினால்தான் இருக்கைக்கு இடமே கிடைக்கும்.

600 வோல்ட் பற்றிப் பயப்பட வேண்டுமா?

மதிக்க வேண்டும். வீட்டு ஏசி மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடும், டிசி தொடாது. அதனால் ஒருமுறை மூண்ட மின்பொறி தானாக அணைவது கடினம். வண்டியில் கைவைக்கும் முன் டிராலிக் கோலை இறக்கிக் கட்டுங்கள், பிரதான சுவிட்சைத் திறந்து பூட்டுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

முதல் ஓட்டம் எப்படி?

பனிக்காகக் காத்திருக்காதீர்கள். காய்ந்த தடத்தில், குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்ட மோட்டார்களை முதலில் அசையுங்கள். பிறகு முழு மின்சாரத்தில் சில அடி போய் நிறுத்துங்கள். பேரிங் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுச் சூடு பாருங்கள். துடைப்பத்தை வண்டி நிற்கும்போதே, மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் முழுதும் இணைந்த நிலையில், பக்கத்தில் யாரும் இல்லாமல் சுற்றிப் பாருங்கள். தளர்ந்த பிரம்பு அம்பு மாதிரி பறக்கும். இரண்டாம் முறை சுற்றும் முன் எல்லாப் போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும்.

உண்மையான பனியில் வேலை தொடங்கியதும் உருளையைத் தேவைக்கு மேல் இறக்காதீர்கள். நுனி மட்டும் தண்டவாளத்தைத் தொட்டால் போதும். அழுத்தினால் பிரம்பு மடங்கும், பனி அப்படியே கிடக்கும், மோட்டார் சூடாகும்.

மற்ற மாதங்களில் என்ன செய்வது?

உருளையைத் தரையில் படாமல் தூக்கிப் பூட்டுங்கள். இறக்கியே விட்டால் உருளையின் எடையில் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மாதம் ஒருமுறை கொஞ்சம் சுற்றி விடுவது நல்லது. பிரம்பைப் பூச்சி அரிக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் நடக்கும். செயினுக்கு எண்ணெய், மோட்டாரின் மூடிக்குக் கீழே ஈரம் சேராமல் காற்று. அடுத்த பனிக்காலத்துக்கான பிரம்பை வசந்தத்திலேயே சொல்லிவைத்துவிடுங்கள், கப்பலில் வர நாளாகும்.